பெயருக்கு முன் ஒரு மூச்சு

லியோனிசா என்ற பெயர் காபிஸ் மாகாணத்தில் நூறு பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். ஆனால் அவள் குரலைக் கேட்காத வீடு ஒன்று இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

விடிவதற்குச் சற்று முன், கடலுக்குப் போன படகுகள் கரை திரும்பும் நேரத்தில், ஆற்றங்கரை வானொலி நிலையத்திலிருந்து தியா லூமிங் பேசத் தொடங்குவாள். முதலில் ஒரு ஜெபம். பிறகு காற்று எந்தப் பக்கம், கொப்பரை என்ன விலை, பன்றித் தீவன விளம்பரம். கடைசியில் அழைப்புச் செய்திகள். மலைமேல் நார் வெட்டப் போன பெனிட்டோவுக்கு, உன் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது, இறங்கி வா. தீவுப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் மகளுக்கு, உன் தம்பி பரீட்சையில் தேறிவிட்டான், பன்றி அடிக்கிறோம், சனிக்கிழமை வந்துவிடு. தபால்காரர் போகாத இடங்களுக்கும் தொலைபேசிக் கம்பி எட்டாத இடங்களுக்கும் அந்தக் காலத்தில் தியா லூமிங்தான் போய்வந்தாள்.

அவள் என் மனாங். எங்கள் பக்கத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். தியா என்றால் அத்தை; தியா லூமிங் என்ற பெயர் நிலையம் வைத்தது. நிலையத்தின் முதலாளி கிரிஸ்பின், எங்கள் அப்பாவின் நண்பர். மனாங்குக்கு உறுதிபூசுதலின்போது ஞானத்தந்தையாக நின்றவர். அதனால் அவரை நீனோங் என்போம். கல்லூரியைப் பாதியில் விட்ட இருபது வயதுப் பெண்ணை மைக் முன்னால் உட்காரவைத்து, காலமாகிவிட்ட தன் அத்தையின் பெயரை அவளுக்குச் சூட்டியது அவர்தான்.

"நீனோங், நான் என்ன கிழவியா? இந்தப் பேர வெச்சா எவன் என்னைக் கட்டிப்பான்?"

"காலங்காத்தால எழுந்து ரேடியோ கேக்கறவன்லாம் ஏற்கெனவே கல்யாணம் ஆனவன்தான், இண்டாய். அவனுங்களை நம்பாத." பெண்பிள்ளைகளைச் செல்லமாக இண்டாய் என்பார்கள்.

மனாங் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது காரணம் கேட்டால், "எல்லாம் அந்தப் பேரு செஞ்ச வேலை" என்று சிரிப்பாள்.

அழைப்புச் செய்திகளில் பாதி சாவுச் செய்திகள். ஆரம்பத்தில் அவற்றையும் மற்றதைப்போலவே கடகடவென்று படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலில் மாவுக்கட்டோடு ஒரு ஆள் நிலையத்துக்கு வந்தார். தென்னங்கள் இறக்குகிறவர். இடுப்பில் சின்ன ரேடியோவைக் கட்டிக்கொண்டு மரம் ஏறுவது அவர் வழக்கம். உச்சியில் இருக்கும்போது தன் அப்பா இறந்த செய்தியைக் கேட்டிருக்கிறார்.

"கோபம்லாம் ஒண்ணுமில்ல தியா. நீங்க சொன்னதாலதான் அடக்கத்துக்குப் போய்ச் சேந்தேன், நொண்டிட்டே. ஆனா பேரைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துங்க. எங்களுக்கு எதையாவது பிடிச்சுக்க நேரம் வேணும்ல?"

அதற்குப் பிறகு, இறந்தவர் பெயருக்கு முன் அவள் ஒரு மூச்சு நிறுத்துவாள். ஒரே ஒரு மூச்சு. அந்த மௌனம் வந்தவுடன் மாகாணம் முழுக்கப் பெண்கள் அடுப்பைத் தணித்தார்கள். மரத்தில் இருந்தவர்கள் மரத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

எங்கள் அம்மாவுக்கு, எங்கள் நானாய்க்கு, ஒரே ஒரு குறை. "ஊர்ல இருக்கற பேரையெல்லாம் படிக்கற. நான் வெச்ச பேரு ஒரு நாளாவது அதுல வந்துச்சா? லியோனிசானு ரேடியோ சொல்லி நான் கேக்கணும். அப்பறம் செத்தாலும் பரவால்ல."

"செத்தா வரும் நானாய். சாகறவங்க பேருதான் அதுல வருது."

"வாயைக் கழுவு!"

நிலையத்தில் ஒவ்வொரு ஜனவரியும் ஆண்டுவிழா நடக்கும். பெரிய தட்டுகளில் பன்சித் நூடுல்ஸ், ஆயுள் நீளவேண்டும் என்பதற்காக நறுக்காமல் பரிமாறுவார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் அந்த வருடத்து ஒப்பந்தங்கள் சுற்றிவரும். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டே முதலாளியின் காகிதத்தை வரி வரியாகப் படிப்பது மரியாதை இல்லை. அவர் வீட்டுச் சோற்றில் கல் தேடுகிற மாதிரி ஆகிவிடும். ஒரு ஜனவரியில் காகிதம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. அந்த வருடம்தான் நாடகப் பிரிவில் இருந்த ஒரு ஆள், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நிலையத்துக்குத் தாவியிருந்தான். தன்னோடு தீவன விளம்பரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். "பன்சித் நீளமா, பேப்பர் நீளமா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மனாங்கும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அதில் என்ன எழுதியிருந்தது என்பது, அவளுக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு, ஹெர்மினியா மேடம் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. அந்தப் பக்கத்து நிலையத்தின் மேலாளர் அவர். மதிய நிகழ்ச்சி ஒன்று தருவதாகச் சொன்னார்.

"பேரு என்ன வெக்கறது?" என்று மேடம் கேட்டாராம்.

"என்ன பேரா?"

"நிகழ்ச்சிக்கு. உங்க சொந்தப் பேரே நல்லா இருக்கே. 'லியோனிசாவுடன் மதியம்'."

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது மனாங்குக்கு மூச்சு வாங்கியது. அம்மா அன்றைக்கே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள். சம்பளம் கொஞ்சம் கூடுதல்தான், வெயில் வந்த பிறகு எழுந்தால் போதும்தான். ஆனால் அவள் வேண்டியது அந்தப் பெயரை. இத்தனை வருடம் இன்னொருத்தியின் பெயரில் அழுதும் சிரித்தும் முடித்தவளுக்கு, இனிமேலாவது தன் பெயரில் பேசவேண்டும் என்று ஆசை. வேறு எதற்கும் அவள் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ராஜினாமாவைக் கொடுத்தாள். நீனோங் அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, பழைய காகிதத்தை எடுத்து மெதுவாகப் படித்துக் காட்டினார். விலகினால் இரண்டு வருடத்துக்கு மாகாணத்துக்குள் எந்த நிலையத்திலும், எந்த ஒலிபெருக்கியிலும், பொதுமக்கள் காதுக்கு எட்டும்படி பேசக்கூடாது. தியா லூமிங் என்ற பெயர் நிலையத்தின் சொத்து. போய்வருகிறேன் என்று நேயர்களிடம் சொல்லக்கூடாது. நடுவில் ஒரு தடவை மீறினாலும் இரண்டு வருடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அப்பாவின் உறவில் ஒரு வக்கீல் இருந்தார், கஸ்பார் என்று. அவரிடம் போனோம்.

"செல்லுமா செல்லாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றாள் மனாங்.

"நியாயமா இருந்தா செல்லும். நியாயமானு ஜட்ஜு சொல்லணும். ஜட்ஜு வாயைத் தொறக்க நாலஞ்சு வருஷம் ஆகும். உனக்கு வாய்ப்பூட்டே ரெண்டு வருஷம்தான்."

"அப்ப?"

"அப்ப வாயை மூடிட்டு உக்காந்திருக்கறதுதான் சீக்கிரம் முடியற வழி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதோட இன்னொண்ணு. கிரிஸ்பின் மேல கேஸைப் போட்டுட்டு, கிறிஸ்துமஸ் அன்னிக்கு யார் கையை எடுத்து நெத்தில வெப்ப?"

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் முதலில் அவர் வீட்டுக்குப் போய், அவர் கையை நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கிவிட்டுத்தான் எங்களுக்கு மற்ற வீடுகள். அப்பா இருந்த காலத்திலிருந்து அப்படி.

ஹெர்மினியா மேடத்துக்கும் வக்கீல் கடிதம் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை. "ரெண்டு வருஷம் முடியற டிசம்பர்ல வாங்க. அது வரைக்கும் இடத்தை வெச்சிருக்கேன். ஆனா அதுக்குள்ள ஏதாவது வம்பு வந்தா என்னால முடியாது, எனக்கும் மேல ஆள் இருக்காங்க" என்று சொல்லிவிட்டார்.

மனாங் காத்திருக்கத் தீர்மானித்தாள். துறைமுகத்தில் ஐஸ் தொழிற்சாலையில் சீட்டுக் கொடுக்கும் வேலை கிடைத்தது. இயந்திரச் சத்தத்தில் அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. விரலைக் காட்டித்தான் எத்தனை கட்டி என்று சொல்வார்கள். "பொருத்தமான வேலை. இங்க எல்லாருமே ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவங்க மாதிரி இருக்காங்க" என்றாள்.

ஊர்த் திருவிழாவில் பிங்கோ எண்களைக் கூப்பிட அவளைத்தான் வருடாவருடம் அழைப்பார்கள். அந்த வருடம் மைக்கை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நிலையத்தின் காவலாளி கூட்டத்தில் நின்று வறுத்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். அவர் பிங்கோ ஆட வந்தவரா, வேறு எதற்காவது வந்தவரா என்று தெரியவில்லை.

"ஏன் மனாங், மைக்கு கடிக்குமா?" என்று ஒரு பையன் கத்தினான்.

"ஆமாடா. ரெண்டு வருஷத்துக்குத் தடுப்பூசி போட்டிருக்காங்க."

வெறும் தொண்டையில் எண்களைக் கூவினாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. கிழவிகள் சண்டைபோட்டார்கள். ஒருத்தி, "தியா லூமிங் மாதிரி ஒரு ஆளைக் கூட்டிட்டு வர வேண்டியதுதானே!" என்று திட்டினாள். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. மனாங்கும் சிரித்தாள்.

விடியற்காலைகளில் தியா லூமிங் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். முதல் வாரம் தியாவுக்கு ஜலதோஷம் என்றார்கள். பிறகு ரொவேனா என்று ஒரு பெண்ணை உட்காரவைத்தார்கள். மனாங்கின் பழைய ஒலிநாடாக்களைப் போட்டுக்காட்டிப் பழக்கினார்களாம். அம்மா பழக்கத்தை விடாமல் அதே நிலையத்தைத்தான் வைப்பாள்.

"யாருடி இவ? தொண்டைக்குள்ள எலி ஓடற மாதிரி இருக்கு."

"அவதான் தியா லூமிங், நானாய்."

"அப்ப நீ யாரு?"

"நான் ஐஸ் கம்பெனி."

எங்கள் மூவரில் நடுப்பிள்ளை எலியோ, எனக்கு அண்ணன், மனாங்குக்குத் தம்பி. சிபுயான் கடலில் மாதக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் பெரிய படகு ஒன்றில் சமையல்காரன். பல வருடங்களுக்கு முன், மனாங் காய்ச்சலில் படுத்திருந்து வேறொருவன் செய்தி படித்த நாளில், "எலியோவுக்கு, உன் அம்மா சாகக் கிடக்கிறாள், உடனே வா" என்று ஓர் அழைப்பு வந்தது. கிடைத்த சரக்குப் படகில் தொற்றிக்கொண்டு அவன் ஓடிவந்தான். அம்மா வாசலில் உட்கார்ந்து மாங்காயை இறால் ஊறலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். "நல்ல நேரத்துல வந்த. அரிசி தீந்துபோச்சு" என்றாள். படகில் அவன் இடத்துக்கு ஆசைப்பட்ட எவனோ கொடுத்த பொய்ச் செய்தி அது. திரும்பிப் போனபோது இடமும் போயிருந்தது. அன்றைக்கு அக்காவும் தம்பியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள்: நானாயைப் பற்றி மனாங் தன் குரலில் சொன்னால் மட்டும் அவன் வரவேண்டும், வேறு யார் சொன்னாலும் நம்பக்கூடாது.

மனாங் ஐஸ் தொழிற்சாலையில் இருந்தபோது எலியோ புனித வாரத்துக்கு வந்து திரும்பினான். தம்பியைத் தோத்தோ என்றுதான் கூப்பிடுவாள். படகுத்துறையில் அவள் சொன்னாள்: "தோத்தோ, நான் இப்ப ரேடியோல இல்ல. நம்ம பேச்சை மாத்திக்கணும்."

"எதுக்கு மாத்தணும்? நானாய்க்கு ஒண்ணுன்னா உன்னை எந்தப் பேப்பரு பிடிச்சு வெச்சிரும்?" என்று சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிப் படகுக்குள் எறிந்தான். அவனுடைய கேப்டன், படகில் இருந்த ரேடியோவின் முள் நகராமலிருக்க நீனோங்கின் நிலையத்தில் வைத்துப் பசைநாடா ஒட்டியிருந்தார். வேறு நிலையம் அந்தப் படகில் பாடாது.

இரண்டு வருடம் முடிய மழைக்காலம் ஒன்றுதான் பாக்கி. அம்மா ஒரு மதியம், துணி மடித்துக்கொண்டிருந்தவள், அப்படியே சாய்ந்துவிட்டாள். டிசம்பருக்காக மனாங்கின் பெயர் போட்ட அறிவிப்புப் பலகைக்கு ஹெர்மினியா மேடம் அளவெடுத்திருந்த வாரம் அது.

உடலைக் கெடாமல் பதப்படுத்தி, கூடத்தில் வைத்து, எலியோவுக்காகக் காத்திருந்தோம். நான்தான் நிலையத்துக்குப் போய் அழைப்புச் செய்தியை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை தியா லூமிங் படித்தாள். தடங்கல் இல்லாமல், நிறுத்தாமல், ஒரே மூச்சில் அம்மாவின் பெயர் வந்து போயிற்று. அந்தப் பெண்ணுக்கு அப்போது அது இன்னும் பிடிபட்டிருக்கவில்லை.

எலியோ வரவில்லை. இரண்டாம் நாள் செய்தியில் எங்கள் நாயின் பெயரையும் சேர்த்து எழுதினேன், அவனுக்கு நம்பிக்கை வரட்டும் என்று. அப்போதும் வரவில்லை.

சாவு வீட்டில் வழக்கம்போல ராப்பகலாகச் சீட்டாட்டம். ஆடிக்கொண்டிருந்த ஒருவர், "தியா லூமிங் வீட்டுச் சாவுக்கு தியா லூமிங்கே அழைப்பு படிக்கறா, ஆனா தியா லூமிங் இங்க காப்பி ஊத்திட்டு இருக்கா. எனக்குத்தான் போதை ஏறிடுச்சோ?" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் கிள்ளினார்.

ரொவேனா வந்தாள். வயது குறைவு. சவப்பெட்டியைப் பார்த்துவிட்டு மனாங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனாங், என்னை மன்னிச்சிருங்க. உங்க மாதிரியே பேசு, உங்க மாதிரியே சிரின்னு சொல்லிட்டே இருக்காங்க. என் குரல் எப்படி இருக்கும்னு எனக்கே மறந்துபோச்சு."

"சாப்பிட்டியா?" என்றாள் மனாங். "சாப்பிட்டுட்டுப் போ. அப்பறம் ஒண்ணு. செத்தவங்க பேரைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு நிறுத்து. உனக்காக இல்ல. கேக்கறவங்களுக்காக."

அன்று மாலை நீனோங் கிரிஸ்பின் வந்தார். மனாங் எழுந்து அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்தாள். அவர் பெட்டிக்கு முன் முழந்தாளிட்டு நிஜமாகவே அழுதார். எழுந்த பிறகு மனாங் கேட்டாள்.

"நீனோங், ஒரே ஒரு தடவை. எனக்கு ரெண்டு வாக்கியம் போதும். தோத்தோ என் குரல் இல்லாம வரமாட்டான்."

"எனக்குத் தெரியாதா? வக்கீல்கிட்ட கேட்டுட்டுத்தான் வரேன். வெளியாள் ஒருத்தருக்கு ஒரு தடவை தளர்த்தினா, அந்தப் பேப்பர் எல்லாருக்குமே தளர்ந்துடுமாம். நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒரு சாவைச் சொல்லிட்டு வருவான்."

"உங்க வீட்டு ரெண்டு கல்யாணத்துக்கும் பன்றி வறுத்தது யாரு, நீனோங்? அதோ படுத்திருக்காளே, அவதான்."

"அதனாலதான் நானே வந்தேன், இண்டாய். வெளியாளாத்தானே படிக்க முடியாது? உள்ளாளா வா. உன் நாற்காலி அப்படியே இருக்கு. ரொவேனாவை வேற வேலைக்கு மாத்திடறேன். நாளைக்குக் காலைல நீயே படி. எலியோ வந்துடுவான்."

"கையெழுத்து?"

"வழக்கமானதுதான்."

"இது எத்தனை வருஷத்துக்கு?"

"நீ இருக்கற வரைக்கும்" என்றார், அவள் தலையைத் தடவி. அதை அவர் அன்பாகத்தான் சொன்னார்.

சீட்டாட்டம் நின்றிருந்தது. நான், "மனாங், டிசம்பர்..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்க்காமல், "தெரியும்" என்றாள். அம்மா இருந்த பக்கமும் பார்க்கவில்லை. புழுக்கமாக இருந்தது, யாரோ மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தார்கள்.

காகிதம் அவருடைய காரிலேயே இருந்தது. ஓட்டுநர் எடுத்துவந்தார். பிஸ்கட் தட்டை நகர்த்திவிட்டு அந்த மேசையிலேயே கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.

மறுநாள் விடியலில் நாங்கள் எல்லோரும் கூடத்தில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஜெபம், காற்று, கொப்பரை, பன்றித் தீவனம் எல்லாம் முறையாக வந்தன. பிறகு அவள் சொன்னாள்: "கடலில் இருக்கும் எலியோவுக்கு. தோத்தோ, நான்தான்." நிறுத்தினாள். அந்த மூச்சில் எனக்குத் தோன்றியது, இப்போது தன் பெயரைச் சொல்லிவிடுவாள் என்று. கண்ணாடிக்கு அப்பால் நீனோங் நின்றுகொண்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது. அவள் அம்மாவின் பெயரைச் சொன்னாள். வீட்டுக்கு வா என்றாள். பிறகு, "உங்கள் தியா லூமிங்" என்று முடித்தாள்.

எலியோ வந்துசேர்ந்தான். உடம்பெல்லாம் மீன் வாடை. அம்மாவின் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நேராக மனாங்கிடம் வந்தான்.

"ஏன் இவ்வளவு லேட்டு?" என்று அவன்தான் அவளைக் கேட்டான். "அந்தப் பொண்ணு தினமும் படிச்சிட்டே இருக்கா. நாய்ப் பேரு வேற. நாய்ப் பேரு துறைமுகத்துக்கே தெரியுமே! கேப்டன் சொல்றாரு, உங்க அக்கா குரல் இல்லடா, போன தடவை மாதிரி எவனோ உன் எடத்துக்கு அடிபோடறான்னு. நான் உனக்காகத்தான் காத்துட்டிருந்தேன். நீ ஏன் முதல் நாளே வரல?"

"வழில கொஞ்சம் வேலை இருந்துச்சு, தோத்தோ" என்றாள் மனாங். "போய்க் குளி. மத்தியானம் அடக்கம்."

டிசம்பரில் அந்தப் பக்கத்து நிலையத்தில் மதிய நிகழ்ச்சி தொடங்கியது, வேறு ஒருத்தியின் பெயரில். நாங்கள் அதைக் கேட்கவில்லை.

மனாங் தியா லூமிங்காகவே இருந்தாள். ஒவ்வொரு ஜனவரியும் பன்சித் தின்று கையெழுத்துப் போட்டாள். குரலில் கரகரப்பு ஏறி, விளம்பரக்காரர்கள் முணுமுணுத்தபோது, நீனோங்கின் மகன் ஜூனியர் ஒரு கேக் வெட்டி அவளை வேலையிலிருந்து அனுப்பிவைத்தான். அப்பாவுக்குப் பிறகு நிலையம் அவன் கைக்கு வந்திருந்தது. விடைபெறும் வார்த்தை அப்போதும் சொல்லவிடவில்லை. இரண்டு வருட வாய்ப்பூட்டும் முறைப்படி வந்தது. அது முடிந்தபோது எவரும் அவளைக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கத்து நிலையம் எப்போதோ மணிலாவிலிருந்து வரும் பாட்டுகளை மட்டும் ஒலிபரப்ப ஆரம்பித்திருந்தது.

சந்தையில் அவள் தாழ்ந்த குரலில்தான் பேரம் பேசுவாள். அப்படியும் எவளாவது நண்டை எடை போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்வாள்.

"ஐயோ மனாங்! நீங்க அப்படியே தியா லூமிங் மாதிரியே பேசறீங்களே!"

"எல்லாரும் சொல்றாங்க" என்பாள். "நீ நண்டைப் பாத்து எடை போடு."

கூட வரும் எனக்கு வாய் துறுதுறுக்கும். அவள் என் முழங்கையைப் பிடித்து அழுத்துவாள்.

போன மாதம் அவள் இறந்துபோனாள். தொண்டையில் ஒன்றும் இல்லை. இதயம்.

நான் நிலையத்துக்குப் போனேன். இப்போது எல்லோரிடமும் கைப்பேசி இருக்கிறது. ஆனாலும் காலைச் செய்திகளில் சாவு படிக்கும் வழக்கம் போகவில்லை. ஜூனியர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல மாதிரிதான் பேசினான். நான் கேட்டது ஒன்றே ஒன்று. தியா லூமிங் இறந்துவிட்டாள் என்று சொல்லவேண்டும். அவள் குரலில் தங்கள் வீட்டுச் சாவுகளைக் கேட்டவர்கள் இந்த மாகாணம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் வர விரும்புவார்கள்.

அவன் சங்கடத்தோடு பேனாவை உருட்டினான்.

"எப்படிச் சொல்றது, தியா?" இப்போது என்னை அப்படிக் கூப்பிடும் வயது எனக்கு. "நாளைக்குக் காலைல அவங்க நிகழ்ச்சி இருக்கே."

"நான் சொல்றது என் அக்காவை..."

"தெரியும். எங்க அப்பா எவ்வளவு சொல்லியிருக்கார். ஆனா பேரு நிலையத்துது. தியா லூமிங் செத்துட்டாங்கனு தியா லூமிங்கையே படிக்கச் சொல்ல முடியுமா? ஜனங்க பயந்துடுவாங்க. சொந்தப் பேருல போடறேன். காசு வேணாம்."

சொந்தப் பேரில். நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் குடும்பமும் தெருக்காரர்களும் ஐஸ் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த இரண்டு பேரும் இருந்தார்கள். சீட்டாட நாலு பேர் சேர்வதே கஷ்டமாக இருந்தது. தெருமுனையில் ஒரு டிரைசைக்கிள்காரர் வண்டியை நிறுத்தி, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார். பெயரைச் சொன்னோம். "கேள்விப்பட்டதில்லையே" என்று தொப்பியைக் கழற்றிவிட்டு, மாட்டிக்கொண்டு போனார். அவர் வண்டியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

காலையில் எலியோ அடுக்களையில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். முதுகு வளைந்துவிட்டது அவனுக்கு. கடலை விட்டு வந்து பல வருடம் ஆகிறது. ரேடியோவில் தியா லூமிங், ரொவேனாவுக்கும் பிறகு வந்த ஒரு பெண், ஜெபம் சொன்னாள், காற்றைச் சொன்னாள், இறால் தீவன விளம்பரம் ஒன்று படித்தாள். பிறகு குரலைத் தணித்து, இறந்த செய்தி என்றாள். தெருவும் ஊரும் சொன்னாள்.

நிறுத்தினாள். ஒரே ஒரு மூச்சு. பழைய ஒலிநாடாக்களிலிருந்தோ, தனக்கு முன்னால் இருந்தவளிடமிருந்தோ சரியாகப் பிடித்திருந்தாள்.

எலியோ அடுப்பைத் தணித்துவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"லியோனிசா" என்றது ரேடியோ.